பத்து நாற்பதுக்கு நிறம் வரவில்லை

1

சிட்னியில் ஆடி மாதம் குளிர்காலம். காலை ஏழு மணிக்கு நான் பணியிடத்துக்குள் நுழையும்போது புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். இங்கே ஒரு சுரங்கச் சாலை தோண்டுகிறார்கள். தோண்டிய பள்ளத்தில் ஊறும் நீரையும் மழைநீரையும் ஒரு பெரிய குட்டையில் தேக்கி, சேறு படியவிட்டு, தெளிந்தபின் பக்கத்து ஓடையில் விட வேண்டும். விடலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை.

தினமும் பார்ப்பவை ஐந்து. கலங்கல் எவ்வளவு, சிமென்ட் கலந்து காரம் ஏறியிருக்கிறதா, மேலே எண்ணெய்ப் படலம் உண்டா, நம் நீர் சேரும் இடத்துக்கு மேலே ஓடை எப்படி, கீழே எப்படி. ஐந்தையும் மணிக்கொருமுறை கட்டம் கட்டிய தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

திருச்சியில் இதே வேலையைத் தலைகீழாகச் செய்தேன். அங்கே மனிதர்களுக்குள் போகும் தண்ணீரைப் பார்த்தேன். இங்கே மனிதர்கள் வெளியே விடும் தண்ணீரைப் பார்க்கிறேன். ஓடையிலுள்ள மீன்கள் என்னிடம் வந்து எதுவும் கேட்பதில்லை. சில நாள் அதுவே நிம்மதி.

ஆடி பதினெட்டு அன்று காலை, என்னோடு வேலை செய்யும் ஹன்னா தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்லூரி முடித்து வந்த முதல் வருடம். பம்பு அடைத்துக்கொண்டதில் பத்து மணி அளவை எடுக்கத் தவறிவிட்டாள்.

"ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் ஒரே எண்தான். நடுக்கட்டத்திலும் அதையே போட்டால் என்ன?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "நீங்கள் ஒருமுறைகூடப் போட்டதில்லையா?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், இல்லை, பார்க்கலாம் மூன்றுக்கும் சேர்த்து நாம் ஆட்டுவோமே, அந்த ஆட்டல். இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் கழுத்து இன்னும் மாறவில்லை. அவள் அதை "இல்லை" என்று எடுத்துக்கொண்டு, முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டாள். நான் திருத்தவில்லை.

பதினொன்று இருபதுக்கு அஞ்சலையின் குரல் செய்தி வந்தது. திருச்சியில் அப்போது காலை ஆறு ஐம்பது.

"மேடம், நல்லா இருக்கீங்களா? அஞ்சலை பேசுறேன். அம்மா மண்டபம் படித்துறையில நிக்கிறோம். தண்ணி படியேறி ஓடுது மேடம், செக்கச்செவேல்னு. தர்ஷினி எறங்கியே தீருவேன்னு நிக்கிறா. அப்புறம் மேடம், புது வீட்டு மாடியில டேங்க் வச்சாச்சு. இன்னைக்குத்தான் தண்ணி விடப்போறோம். மொதல்ல காவேரி. அன்னைக்கு நம்ம சைட்ல ஊத்துனோமே, அதே மாதிரி. ரெண்டு குடம் எடுத்தாந்திருக்கோம். நீங்களும் அன்னைக்குக் கூட நின்னீங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்."

உடனே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன்.

2

அஞ்சலை லால்குடி பக்கத்துப் பெண். ஆறு வருடங்களுக்கு முன் திருவெறும்பூரில் ஒரு பெரிய தொழிற்கூடம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் சித்தாள் வேலை பார்த்தாள். அங்கே நான் தண்ணீர்ப் பொறுப்பு. எங்கள் வீடு பொன்மலையில். காலையில் ஸ்கூட்டியில் தஞ்சாவூர் ரோட்டைப் பிடித்தால் கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

காலையில் லாரித் தண்ணீர் வரும். தரையடித் தொட்டியில் இறக்கி, குளோரின் கலந்து, மேலே ஏற்றி, நாலு இடத்துக்குப் பிரித்துவிடுவோம். ஒவ்வொரு குழாயிலும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் அளவுக்குத் தண்ணீர் பிடித்து, ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்க வேண்டும். குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் வரும். அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டு எண்ணை எழுத வேண்டும். 0.5 வந்தால் நிம்மதி. நிறமே வராவிட்டால் அந்தத் தண்ணீருக்குக் காவல் இல்லை என்று பொருள்.

அஞ்சலைக்கு இந்த மாத்திரை ஒரு வேடிக்கை. பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பாள்.

"பாப்பா, பாரு, மேடம் தண்ணிக்கு மருதாணி வைக்கிறாங்க."

"மருதாணி செவந்தாத்தான் குடிக்கணும், தெரியுமா?" என்பேன்.

"செவக்கலன்னா?"

"வால்வை மூடிடுவேன்."

"அய்யோ, அப்புறம் நாங்க சோடாவா குடிக்கிறது?" என்பாள். ஒன்றரை வயது தர்ஷினி ஒன்றும் புரியாமல் சிரிக்கும்.

அந்த ஆடியில் கேன்டீன் பக்கம் குடிநீருக்கென்றே ஆயிரம் லிட்டரில் புது டேங்க் வைத்தோம். புராஜெக்ட் மேனேஜர் சீனிவாசன் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். ஆடி பதினெட்டு அன்று விடியற்காலையிலேயே அம்மா மண்டபம் போய், தன் காரில் மூன்று குடம் புதுத்தண்ணீர் கொண்டுவந்துவிட்டார். சைட்டிலிருந்த சுமங்கலிப் பெண்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு குடம் டேங்க்கில் ஊற்றச் சொன்னார். மஞ்சள், கதம்பம், ஒரு சாமந்தி மாலை எல்லாம் உள்ளே போயின. ஏணியில் இரண்டாவதாக ஏறியவள் அஞ்சலை.

நான் கீழே நின்றேன். செந்நிறத் தண்ணீர் குடத்திலிருந்து சரிவதைப் பார்த்தேன். லாரி தாமதமானதால் டேங்க் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பத்து நாற்பதுக்கு எப்படியும் டெஸ்ட் எடுக்கத்தானே போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பூஜை முடிந்ததும் குழாயைத் திறந்தார்கள். "மொதத் தண்ணி எம்புள்ளைக்கு" என்று அஞ்சலை பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டிப் பிடித்தாள்.

பத்து நாற்பதுக்கு மாத்திரை போட்டுக் குலுக்கினேன். நிறம் வரவில்லை. இன்னொரு மாத்திரை போட்டேன். பழைய மாத்திரையாக இருக்குமோ என்று தரையடித் தொட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். அங்கே நன்றாகச் சிவந்தது. டேங்க்கிலிருந்த குளோரினைக் குடத்துச் சேறும் பூவும் தின்றுவிட்டன.

3

சிட்னியில் பகல் பன்னிரண்டு மணி. நாலாவது தடவையும் அஞ்சலை எடுக்கவில்லை. "டேங்க்ல ஊத்தாதீங்க, உடனே கூப்பிடுங்க" என்று குரல் செய்தி அனுப்பினேன். இரண்டு சாம்பல் கோடுகள் விழுந்தன. நீலம் ஆகவில்லை, அவள் இன்னும் கேட்கவில்லை. எழுத்திலும் அனுப்பினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

கணக்குப் போட்டேன். அம்மா மண்டபத்தில் விளக்கு விட்டு, தாலிக்கயிறு மாற்றி, சித்ரான்னம் சாப்பிட ஒரு மணி நேரம். நடந்து பஸ் பிடித்து, டோல்கேட்டில் மாறி, லால்குடி போக இந்தக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம். ஒன்பதரைக்குள் வீடு. எங்களுக்கு இரண்டு மணி. அதற்குள் பிடித்தாக வேண்டும்.

இதற்கு நடுவில் ரேடியோவில் ஃபோர்மன் கூப்பிட்டார். சாயங்காலம் மழை வரும், குட்டையை இப்போதே காலி செய்யலாமா என்றார். கலங்கல் எல்லைக்கு மேல் இருந்தது. முடியாது என்றேன். இயந்திரம் சும்மா நிற்கிறது என்றார். நிற்கட்டும் என்றேன். இதைச் சொல்ல எனக்கு இப்போது அரை நொடி ஆகிறது. இந்த நாட்டில் என்னை உறுதியானவள் என்று சொல்வார்கள். அந்த உறுதி எங்கே வாங்கியது என்று யாரும் கேட்டதில்லை.

என் மகளுக்கு மூன்று வயது. காப்பகத்தில் கற்றதால் தண்ணீருக்கு அவள் முதலில் சொன்ன சொல் "வாட்டர்". போன முறை ஊருக்குப் போனபோது யார் தண்ணீர் நீட்டினாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். உறவினர்களுக்கு அது வருத்தம். "வெளிநாட்டுப் புள்ள, நம்ம வீட்டுத் தண்ணியச் சந்தேகப்படுது" என்றார்கள். அவள் சந்தேகப்பட்டது தண்ணீரை அல்ல. என் முகத்திலிருந்து விடை வரும் என்று நம்பினாள். அப்படி நம்பிப் பாட்டிலை நீட்டிய இன்னொருத்தி எனக்கு நினைவுக்கு வந்தாள்.

4

பத்து நாற்பத்தைந்துக்கு டேங்க் வால்வை மூடினேன். அதுவரை சரி. சார் அறைக்கு ஓடினேன்.

"சார், புது டேங்க்ல குளோரின் இல்ல. ஜீரோ. எல்லாருக்கும் சொல்லி, புடிச்சு வச்ச தண்ணியக் கொட்டச் சொல்லணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு குடம் தண்ணிக்கு என்னம்மா ஆயிடப்போறது? காவேரிம்மா அது."

"புது வெள்ளம் சார். மேலேருந்து எல்லாத்தையும் அடிச்சிட்டு வருது."

"சரி, கழுவிடு. நான் வேண்டாங்கலையே. ஆனா காவேரியக் கொட்டுன்னு இன்னிக்கு மைக் போட்டுச் சொல்லுவியா? ஊத்தின மூணு பேரும் என்ன நெனப்பா? சாயங்காலம் கிளையண்ட் வேற வரா, ரிஜிஸ்டரக் கேப்பா." சற்று நிறுத்தி, மேஜையிலிருந்த உறையைத் தொட்டார். "உன் லெட்டர் டைப் ஆகி வந்தாச்சு. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவர் மிரட்டவில்லை. நல்ல மனிதர். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், அவ்வளவுதான். அந்த லெட்டர் என் அனுபவச் சான்று. ஆஸ்திரேலியாவுக்கான தகுதி மதிப்பீட்டில் மற்ற எல்லாத் தாளும் தயாராகி, அது ஒன்றுக்காக நின்றுகொண்டிருந்தது.

நான் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். மோட்டார் ரிப்பேர் என்று கேன்டீனில் சொன்னேன். டேங்க்கைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்ப வைத்தேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில் காலையில் நிரப்பிய எவர்சில்வர் டிரம்மை நானே சத்தமில்லாமல் கவிழ்த்தேன். ஒன்றேகாலுக்கு டெஸ்ட் எடுத்தேன். 0.5. அந்த எண்ணைப் பத்து நாற்பது வரியில் எழுதினேன்.

செய்யாதது ஒன்று. ஆட்களின் கையிலிருந்த பாட்டில்களைக் கொட்டச் சொல்லவில்லை. மோட்டார் ரிப்பேர் என்றால் பிடித்து வைத்த தண்ணீரைப் பத்திரமாகத்தானே வைத்துக்கொள்வார்கள்.

டிரம்மைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியபோது தர்ஷினி புடவைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. தூளிக் கயிற்றில் அந்த பாட்டில் தொங்கியது. பாதிதான் இருந்தது. அடியில் மெல்லிய செம்மண் கோடு படிந்திருந்தது. கை நீட்டினேன். அஞ்சலை கதவருகே வந்து, "என்ன மேடம், தாகமா? குடிங்க, குடிங்க" என்றாள். எடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். கையை இழுத்துக்கொண்டேன்.

5

மூன்றாம் நாள் தர்ஷினிக்கு வயிற்றுப்போக்கு. மதியத்துக்குள் குழந்தை துவண்டுவிட்டது. சார்தான் தன் காரை எடுத்தார். தில்லை நகரில் ஒரு குழந்தை மருத்துவமனைக்குப் போனோம். பின் சீட்டில் அஞ்சலையின் மடியில் குழந்தை, பக்கத்தில் நான்.

"பல்லு மொளைக்குதுல்ல மேடம், அதான்" என்று வழியெல்லாம் அவளே சொல்லிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். "தண்ணி எங்கே குடிக்குது?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். சார் சுவரைப் பார்த்தார்.

"சைட்ல டேங்க் தண்ணிங்க டாக்டர். தினமும் டெஸ்ட் பண்றோம்" என்றேன்.

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டு வேறு கேள்விகளுக்குப் போய்விட்டார்.

குழந்தை அங்கே இருந்த இரண்டு நாளும் வெளியே பெஞ்சிலும் கட்டிலருகிலுமாக உட்கார்ந்திருந்தேன். சொட்டு சொட்டாக இறங்கும் நீரை எண்ணினேன். குழந்தை எழுந்து பிஸ்கட் கேட்டபோது அஞ்சலை என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பெத்தவ மாதிரி ஒக்காந்திருந்தீங்க மேடம்." அதன்பின் ஒவ்வொரு ஆடி பதினெட்டுக்கும் பேசுகிறாள். தர்ஷினி ஒன்றாம் வகுப்பு சேர்ந்த படம் அனுப்பினாள், பல் விழுந்த படம் அனுப்பினாள். வெளிநாட்டில் கிடைக்கும் தனிமையில் அந்தக் குரலுக்குக் காத்திருக்கவும் செய்தேன், பயப்படவும் செய்தேன்.

குழந்தைக்கு வந்தது டேங்க் தண்ணீராலா, பல்லாலா, வேறெதனாலுமா, தெரியாது. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றே சோதித்துப் பார்த்திருப்பார்கள்.

சான்றிதழ் வந்தது. இங்குள்ள மதிப்பீட்டு அலுவலகம் அதன் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்டது. சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, நோட்டரி முத்திரை எல்லாம் அனுப்பினேன். ஒரே ஒரு வரிக்கு மட்டும் அவர்கள் ஆதாரம் கேட்கவில்லை. 'தண்ணீர்ப் பரிசோதனைப் பதிவேடுகளைப் பிழையின்றிப் பராமரித்தவர்.' விசா ஒப்புதல் வந்த நாளில் வீட்டில் பால்பாயசம் வைத்தார்கள்.

6

ஒன்று ஐம்பதுக்கு அவள் எடுத்தாள். பஸ் இரைச்சல், யாரோ சில்லறைக்குச் சண்டை.

"மேடம், இவ்வளவு தடவ கூப்பிட்டிருக்கீங்க, போனு கூடைக்குள்ள கெடந்துச்சு. என்னாச்சுங்க? ஒடம்பு சரியில்லையா?"

"அஞ்சலை, அந்தத் தண்ணிய டேங்க்ல ஊத்தாதீங்க."

"ஏங்க மேடம்? அன்னைக்கு நீங்களும்தானே கைதட்டுனீங்க."

"அன்னைக்கு ஊத்துனதுல டேங்க்ல மருந்தே இல்லாமப் போச்சு. மருதாணி செவக்கல. எனக்குத் தெரியும். மோட்டார் ரிப்பேர்னு பொய் சொல்லி மூடினேன். உங்க பாட்டில்ல இருந்ததக் கொட்டச் சொல்லல."

பஸ் எங்கோ நின்று கிளம்பியது.

"பாப்பாவுக்கு வந்தது அதனாலயா?"

"தெரியல. இருக்கலாம். டாக்டர் கேட்டப்பவும் நான் சொல்லல."

"நாந்தானே மேடம் ஏணியில ஏறி ஊத்துனேன்."

"நீங்க ஊத்துனீங்க. ஆனா கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தது நான்."

தர்ஷினியின் குரல் கேட்டது, ஜன்னல் சீட்டுக்கு யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளும் ஆஸ்பத்திரியில ஒக்காந்திருந்தீங்களே. ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். அதுக்குத்தான் ஒக்காந்திருந்தீங்களா?"

"ஆமா."

"வைக்கிறேன்" என்றாள். அந்தச் சொல்லில் மேடம் இல்லை.

7

ஹன்னாவைத் தேடிப் போனேன். குட்டைக் கரையில் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் இரண்டு விஷயம் சொன்னேன். பத்து மணிக் கட்டத்தை வெறுமையாக விடு, ஓரத்தில் காரணத்தை எழுது, பம்பு அடைத்ததைச் சொல்வதில் வெட்கம் இல்லை. இரண்டாவது, காலையில் நீ கேட்டதற்கு என் பதில், ஆமாம், ஒருமுறை போட்டிருக்கிறேன். அவள் கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தாள். முழுக்கதையும் கேட்டாள். அவள் முகத்தில் என்மேல் இருந்த மதிப்பு கொஞ்சம் இறங்கியது. தடுக்க நான் முயலவில்லை.

இரண்டரைக்கு ஒரு குரல் செய்தி வந்தது. நீளம் பதினைந்து நொடி.

"நேத்தே ஆத்துலேருந்து கொண்டாந்து வச்சிருந்த ஒரு குடத்த, நாங்க வர்றதுக்குள்ள எங்க மாமியாரு ஊத்திட்டாங்க. ஐநூறு லிட்டர் டேங்க்கு. என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

நலம் விசாரிப்பு இல்லை. கோபமும் இல்லை. கேள்வி மட்டும் இருந்தது. ஆறு வருடத்தில் என்னிடம் அவள் கேட்ட எதையும்விட அது எனக்குப் பெரிதாகப் பட்டது. பாட்டிலை மறுபடி என் பக்கம் நீட்டியிருக்கிறாள்.

குரலில்தான் பதில் சொன்னேன், ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. டேங்க்கை முழுசாகக் காலி செய்யுங்கள். யாராவது குடத்திலோ பாட்டிலிலோ பிடித்து வைத்திருந்தால் அதையும் கொட்டுங்கள். பிரஷ் போட்டுத் தேய்த்து அலசுங்கள். நல்ல பிளீச்சிங் பவுடர் நூறு கிராம், ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, அடியில் படியவிட்டு, மேல் தெளிவை மட்டும் டேங்க்கில் ஊற்றி, மீதிக்குத் தண்ணீர் விட்டு நிரப்புங்கள். அந்தத் தண்ணீரைக் குழாய்களிலும் கொஞ்சம் விட்டு, நாலு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பிறகு எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டுப் புதுசாக நிரப்புங்கள். இரண்டு நாள் தர்ஷினிக்குக் காய்ச்சிய தண்ணீர்தான். வயிறு கொஞ்சம் கடமுடா என்றாலும் டாக்டரிடம் போங்கள், போனதும் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

கோடுகள் நீலமாயின. பதில் வரவில்லை. சாயங்காலம் மழை பெய்தது. குட்டையில் நீர் ஏறியது, ஆனால் கரையைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்து, திருச்சிப் பதிவேட்டின் கட்டங்களை நினைவிலிருந்து கோடு போட்டேன். அசல் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறதோ, இருக்கிறதா என்பதே தெரியாது. சீனிவாசன் சார் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கும் இதை அனுப்பப்போகிறேன். எழுதாமல் விட்ட வரி இது.

இடம்: கேன்டீன் குடிநீர் டேங்க். நாள்: ஆடி பதினெட்டு. நேரம்: காலை பத்து நாற்பது. குளோரின்: இல்லை. நடவடிக்கை: வால்வு மூடப்பட்டது. குடித்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை.